லோ பிபியும் தப்பான ஆள் மேல விழுந்த சந்தேகமும்

லோ பிபின்னு யாராவது சொன்னா நம்ம ஊர்ல உடனே ஒரு டம்ளர் மோர்ல உப்பு போட்டு நீட்டிடுவாங்க. எங்க சித்திக்கும் அதைத்தான் கொடுத்தோம், கிட்டத்தட்ட ரெண்டு வருஷம். எப்ப பார்த்தாலும் 90/60, சில நாள் அதுக்கும் கீழே. எழுந்து நின்னா தலை சுத்தும். எடை குறைஞ்சுக்கிட்டே போச்சு. சாதம் இறங்காது, ஆனா ஊறுகாயை மட்டும் தனியா எடுத்து சாப்பிடுவாங்க. ஆள் கறுத்துப் போனதை "வெயில்ல அலையாதே"ன்னு ஒரு வரியில முடிச்சுட்டோம்.

கடைசியா ஒரு டாக்டர் உள்ளங்கையை விரிச்சுக் காட்டச் சொன்னார். ரேகையெல்லாம் மையால வரைஞ்ச மாதிரி புதுசா கறுத்திருந்தது. "உள்ளங்கை ரேகையில எப்படிம்மா வெயில் படும்?"னு கேட்டார். அந்தக் கேள்விதான் சித்தியைக் காப்பாத்துச்சு. நோயோட பேர் அடிசன் நோய்.

அடிசன் யாருன்னு அன்னிக்கு ராத்திரி தேட ஆரம்பிச்சவன்தான், பல வாரம் அதிலேயே கிடந்தேன். அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

தாமஸ் அடிசன் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில டாக்டரா இருந்தவர். 1855-ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதில் 11 நோயாளிகள். பெரும்பாலும் காரணம் தெரியாத சோர்வு, எடை குறைவு, பலவீனமான நாடி, கறுத்த தோல். இறந்தபிறகு அறுத்துப் பார்த்தா, சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பிகள் கெட்டுப்போயிருந்தன. பலருக்கு அதைக் கெடுத்தது காசநோய். இதில் கவனிக்க வேண்டியது, அடிசன் கையில பிபி மிஷின் கிடையாது. கையில் சுத்தி அளக்கிற கருவியை ரிவா ரோச்சி கொண்டுவந்தது 1896-ல். அடிசன் வெறும் விரலால நாடியைப் பிடிச்சே இவ்வளவு தூரம் வந்திருக்கார்.

மறு வருஷமே, 1856-ல், பிரௌன் செகார் விலங்குகளோட அட்ரினல் சுரப்பிகளை எடுத்துப் பார்த்தார். எல்லாம் செத்துப்போச்சு. ஆக, இது இல்லாம உயிர் இல்லைங்கிறது தெரிஞ்சுபோச்சு. ஆனா அதுக்குள்ள என்ன இருக்கு?

இங்கேதான் கதை வழி தவறுது.

1894-ல் ஜார்ஜ் ஆலிவர்னு ஒரு டாக்டர், ஷேஃபர்ங்கிற லண்டன் பேராசிரியரோட சேர்ந்து அட்ரினல் சாற்றை விலங்குகளுக்கு ஊசியாப் போட்டார். ரத்த அழுத்தம் விறுவிறுன்னு ஏறிடுச்சு. அந்தச் சக்தி சுரப்பியோட உள்பகுதியில, அதாவது மெடுல்லாவில இருக்குன்னும் கண்டுபிடிச்சாங்க. 1901-ல் ஜப்பானியரான தகாமினே அதைப் பளிங்குத் தூளாவே பிரிச்சு வெளியிட்டார். அதான் அட்ரினலின்.

இப்ப நீங்களே யோசிச்சுப் பாருங்க. அட்ரினல் கெட்டா பிபி இறங்குது. அட்ரினலின் போட்டா பிபி ஏறுது. கேஸ் முடிஞ்சது, மூட்டை கட்டலாம்னுதானே தோணும்? நானா இருந்தாலும் டிக்கெட்டை குளோஸ் பண்ணிட்டுக் கிளம்பியிருப்பேன் :)

ஆனா நோயாளிகள் பிழைக்கலை. அட்ரினலின் ஊசி போட்டா கொஞ்ச நேரம் பிபி ஏறும், அப்புறம் பழைய இடத்துக்கே வந்துடும். 1923-ல் ஊஸ்ஸேயும் லூயிஸும் நாய்களுக்கு உள்பகுதியை மட்டும் அழிச்சு வெளிப்பகுதியை விட்டுவெச்சாங்க. நாய்கள் உயிரோட இருந்தன! உயிரைப் பிடிச்சு வெச்சிருந்தது அந்த வெளிப்பகுதி, அதாவது கார்ட்டெக்ஸ். சத்தம் போட்ட ஆளையே எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க, விஷயம் பக்கத்து அறையில இருந்திருக்கு.

1930-ல் பிரின்ஸ்டனில் ஸ்விங்கிலும் ஃபிஃப்னரும் கார்ட்டெக்ஸ் சாறு தயாரிச்சு, அட்ரினல் இல்லாத விலங்குகளை உயிரோட வெச்சுக் காட்டினாங்க. அதே வருஷம் மேயோ கிளினிக்கில் சாகக் கிடந்த நோயாளிகளுக்கு அதைக் கொடுத்தாங்க, எழுந்து உட்கார்ந்தாங்க. அடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்து ராபர்ட் லோப், 1932 வாக்கில், இந்த நோயாளிகளோட ரத்தத்தில் சோடியம் குறைவா இருக்கிறதைப் பார்த்தார். உப்பு நிறையக் கொடுத்தார். தேறினாங்க. சித்தி தேடின ஊறுகாய்க்கு அர்த்தம் எனக்கு அங்கேதான் கிடைச்சது. எங்க யாருக்கும் புரியாததை அவங்க உடம்பு கேட்டு வாங்கியிருக்கு.

ஏன் உப்பு? அதுக்குப் பதில் 1953-ல் வந்தது. லண்டனில் சில்வியா சிம்சன், ஜேம்ஸ் டெய்ட் ரெண்டு பேரும் சுவிஸ் விஞ்ஞானிகளோட சேர்ந்து ஆல்டோஸ்டிரோனைத் தனியாப் பிரிச்சாங்க. சிறுநீரகத்துக்கு "உப்பை வெளியே விடாதே"ன்னு சொல்றது அதுதான். அது இல்லைன்னா உப்பும் தண்ணியும் சிறுநீர்ல போயிடும், ரத்தத்தோட அளவு குறையும், பிபி இறங்கும். கார்ட்டெக்ஸோட இன்னொரு ஹார்மோன் கார்ட்டிசால். அது இல்லைன்னா ரத்தக் குழாய்கள் அட்ரினலின் பேச்சையே சரியாக் கேட்காது. அட்ரினலின் ஊசி ஏன் காப்பாத்தலைங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

தோல் ஏன் கறுக்குது? கார்ட்டிசால் வரலையேன்னு மூளைக்குக் கீழே இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் ஹார்மோனை அளவில்லாம அனுப்பிக்கிட்டே இருக்கும். அந்த வெள்ளம் தோலில் நிறம் உண்டாக்குற செல்களையும் தூண்டிவிடுது.

1855-ல் ஆரம்பிச்ச கேள்விக்கு முழுசாப் பதில் கிடைக்க 98 வருஷம். இதெல்லாம் தெரியாமலேயே அடிசன் 1860-ல் மன அழுத்தத்தில் தன் உயிரைத் தானே மாய்ச்சுக்கிட்டார்.

சித்திக்கு செஞ்சது சாதாரண ரத்தப் பரிசோதனைதான். காலையில கார்ட்டிசால் அளவு, அப்புறம் செயற்கை ஏசிடிஎச் ஊசி போட்டு அரை மணி, ஒரு மணி கழிச்சு மறுபடியும் ரத்தம். அளவு ஏறவே இல்லை. காரணம், அடிசன் பார்த்த அதே காசநோய், பல வருஷத்துக்கு முன்னாடி வந்து போனது. இன்னிக்கு ஹைட்ரோகார்ட்டிசோன், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன்னு ரெண்டு மாத்திரை. ஆயுசு முழுக்க நிறுத்தக் கூடாது, காய்ச்சல் வந்தா டாக்டர் சொன்னபடி கூட்டணும். பேரனைத் தூக்கிக்கிட்டு மாடிப்படி ஏறுறாங்க.

எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணுதான். உப்பு மோர் தப்பான வைத்தியம் இல்லை, பாதி சரியான வைத்தியம். அது கொஞ்சம் கைகொடுத்ததாலதான் ரெண்டு வருஷம் நாங்க வேற எதையும் கேட்கவே இல்லை. அட்ரினலின் விஷயத்தில் பெரிய பெரிய ஆளுங்களுக்கு நடந்ததும் இதேதான்.

பின்குறிப்பு: லோ பிபி இருக்கிறவங்க எல்லாரும் பயப்பட வேண்டாம். பலருக்கு அது இயல்பு, ஒண்ணும் செய்யாது. ஆனா அதோட எடையும் குறைஞ்சு, சோர்வும் விடாம, தோலும் கறுத்து, உப்பு மேல ஆசையும் வந்தா, டாக்டர்கிட்ட அட்ரினலைப் பத்தி ஒரு வார்த்தை கேளுங்க.