திறப்பும் பூட்டும்: வன்னிப் பெருநிலத்தில் மோட்டார் வண்டி

தமிழகத்தார் சாவி என்று வழங்குவதை ஈழத்தார் திறப்பு என்பர். முன்னது போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொல். பின்னது தமிழ் வினையடியாகப் பிறந்தது. திறப்பதற்கென அமைந்ததே திறப்பு. ஆனால், இக்காலத்து மோட்டார் வண்டியின் திறப்போ திறக்கும் தொழிலினும் மறுக்கும் தொழிலையே பெரிதாகச் செய்கின்றது. வந்தவர் உரியவரா, அயலவரா என்று வண்டியே வினவி விடை பெற்ற பின்னர்தான் இயந்திரம் இயங்கத் தொடங்கும். இம்மாற்றத்தால் மனிதன் பெற்றது யாது, இழந்தது யாது? இவ்வினாவுக்கு விடை தேடுவார்க்கு வன்னிப் பெருநிலத்தின் அண்மைக்கால வரலாறு நல்லதோர் உரைகல்லாகும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியாவிலிருந்து இலங்கைக்கு வந்த கார்களுள் இரண்டு வடபுலத்தில் நிலைபெற்றன. ஒன்று, 1948ஆம் ஆண்டில் அறிமுகமான மொரிஸ் மைனர். மற்றது, பேச்சு வழக்கில் ‘ஏ போட்டி’ என ஒலித்த ஒஸ்டின் ஏ-40. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரையில் புதிய கார் என்பது பொதுமக்களுக்கு எட்டாக் கனியே. ஆகவே, இருந்த வண்டியைப் பேணிக் காப்பதன்றி வேறு வழியில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இருந்த கராஜ்காரர்கள் அந்த இயந்திரங்களின் உள்ளும் புறமும் அறிந்தவராயினர்.

அவ்வண்டிகளின் திறப்பு மிக எளியது. தகட்டில் சில பற்கள், அவ்வளவே. அது ஆளியைத் திருப்பி மின்சுற்றை இணைக்கும். அதற்குமேல் அதற்கு வேலையில்லை. திறப்பின் இலக்கம் பல கார்களில் ஆளியின் முகப்பிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. திறப்புத் தொலைந்தால் இரு கம்பிகளைத் தொடுத்து இயந்திரத்தை இயக்கலாம். மின்கலம் சோர்ந்தால் முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்றலாம். கள்வனுக்கும் இவ்வழிகள் எளியனவே. எனினும், கண்டி வீதியில் முறிகண்டிப் பிள்ளையார் முன்றலில் வண்டியை நிறுத்திக் கர்ப்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்துச் செல்லும் சாரதிகள், வழிக்குக் காவலாக நம்பியது அப்பிள்ளையாரையே அன்றித் திறப்பையன்று.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. வடக்கில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குப் பெற்றோல், டீசல், மின்கலம் முதலியவை செல்லுதல் தடைப்பட்டது. வானொலிச் செய்தி கேட்கவும் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவிலிருந்து மின்சாரம் பெற்ற காலம் அது. அந்நாளில் மொரிஸ் மைனரும் ஏ-40உம் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. எனவே, முதலில் சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தைச் சூடேற்றுவர். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பழைய இயந்திரங்களின் அழுத்த விகிதம் குறைவாக இருந்தமையால் அவை இம்மாற்றத்தைப் பொறுத்துக்கொண்டன. புகை மண்டியது உண்மை; எண்ணெய் விரைவில் கெட்டதும் உண்மை. ஆயினும், நோயாளியை மருத்துவமனையிற் சேர்க்கவும், இடம்பெயர்ந்தோர் மூட்டை முடிச்சுகளை ஏற்றவும் அவ்வண்டிகள் துணைநின்றன. தன்னை ஓட்டுவோன் யார் என்று அவை கேட்கவில்லை. தனக்கு ஊற்றிய எண்ணெய் யாதென்றும் கேட்கவில்லை.

இவ்வாறு வன்னி மண்ணெண்ணெயில் வண்டியோட்டிய அதே ஆண்டுகளில், ஐரோப்பாவில் திறப்பு வேறோர் உருக்கொண்டது. அங்கே கார்த் திருட்டு 1990களின் முற்பகுதியில் பெருந்தொல்லையாக வளர்ந்திருந்தது. திறப்பின் தலைப்பகுதியில் மின்கலமே வேண்டாத சிறு சில்லொன்றைப் பதித்தனர். ஆளியைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப்புலத்தால் அச்சில்லு விழித்துத் தன் இரகசியக் குறியீட்டை உரைக்கும். குறியீடு ஒத்துவந்தாலன்றி இயந்திரத்துக்கு எரிபொருளும் தீப்பொறியும் கிட்டா. ஐரோப்பிய ஒன்றியம் 1998இல் புதிய கார்களுக்கு இதனைக் கட்டாயமாக்கியது. அவுஸ்திரேலியா 2001இலும் கனடா 2007இலும் அவ்வழி சென்றன. இக்காவல் பரவிய நாடுகளில் கார்த் திருட்டு வெகுவாகக் குறைந்தது.

அமெரிக்க ஐக்கிய நாடு இதனைச் சட்டமாக்கவில்லை. அதன் விளைவு பிற்காலத்தில் வெளிப்பட்டது. கொரிய நிறுவனங்களான ஹியுண்டாய், கியா ஆகியன கனடாவில் சட்டத்துக்கிணங்கப் பொருத்திய இக்காவலை, அமெரிக்காவில் ஏறத்தாழ 2011 முதல் 2021 வரை விற்ற பல மலிவு வகைகளிற் பொருத்தவில்லை. எல்லைக்கு அப்பால் உண்டு, இப்பால் இல்லை. இக்குறையை இளைஞர் சிலர் கண்டறிந்து சமூக ஊடகத்திற் பரப்பவே, 2021ஆம் ஆண்டின் பின் பல நகரங்களில் அக்கார்கள் பெருந்தொகையாகத் திருடப்பட்டன, உயிரிழப்புகளும் நேர்ந்தன. 2023 பெப்ரவரியில் ஏறத்தாழ 83 இலட்சம் வண்டிகளுக்கு மென்பொருள் திருத்தம் வழங்குவதாக அறிவிக்கப்பட்டது. ஆதலின், காவலற்ற பழைய திறப்பே மேலானது என்று கூறுவதற்கில்லை.

எனினும், காவல் கூடுந்தோறும் சுமையும் கூடுகின்றது. 2009 மே மாதத்திற் போர் முடிந்தபோது, முல்லைத்தீவுக் கரையோரத்தில் எண்ணற்ற வண்டிகள் சிதைந்தும் துருவேறியும் கிடந்தன. மீளக் குடியேறிய மக்கள் பின்வந்த ஆண்டுகளில் மீண்டும் வண்டி வாங்கத் தொடங்கினர். அப்போது அவர்கள் கைக்கு வந்தவற்றுட் பல, யப்பானில் ஓடிப் பின் இலங்கைக்கு இறக்குமதியான கார்களாகும். யப்பானியருக்கென்று செய்யப்பட்ட வசதிகளும் அவற்றோடு வந்து சேர்ந்தன. வழிகாட்டும் திரை யப்பானிய மொழியிற் பேசும். வானொலியோ நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையான யப்பானியப் பண்பலை வரிசைக்கே அமைந்திருந்தது. இலங்கை நிலையங்களோ 88 முதல் 108 வரை பரந்துள்ளன. ஆகவே, அலைமாற்றும் கருவி பொருத்தாத காரில் தமிழ் ஒலிபரப்புப் பலவற்றைக் கேட்க இயலாது. விலையுயர்ந்த வண்டியில் இல்லாத இன்பம், டைனமோ சுழற்றிய வானொலிப் பெட்டியில் இருந்ததல்லவா!

வானொலி கேளாமற் போனாற் பயணம் தடைப்படாது. திறப்புத் தொலைந்தால் தடைப்படும். யப்பானியத் தொலைத் திறப்பு ஏறத்தாழ 312 முதல் 315 மெகாஹேர்ட்ஸ் அலையிற் பேசும். ஐரோப்பியத் திறப்பு 433இற் பேசும். ஒன்றுக்கு மற்றொன்று உதவாது. பல்வெட்டிக் கொடுக்கும் திறப்புக்காரரின் திறமை மட்டும் இங்கே போதாது. கணினிக் கருவியும் வேண்டும். புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ ஒரே திறப்பைத் தொலைத்தவர், அக்கருவியுடையாரை அழைக்கவோ, வண்டியை ஏற்றிச் செல்லவோ நேரிடும். கொழும்போ கிளிநொச்சியிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது.

திறப்பைப் பையிலிருந்து எடாமலே கதவு திறக்கும் வசதியும் குறையுடையதே. ஒருவன் வீட்டு வாசலில் நின்று திறப்பின் அலையைக் கவர்ந்து, வண்டியருகே நிற்கும் மற்றொருவனுக்கு அனுப்பினால், உரியவரே வந்துவிட்டார் என்று வண்டி ஏமாந்துபோகும். ஜேர்மன் மோட்டார் கழகம் 2016இல் நடத்திய சோதனையில் இருபதுக்கு மேற்பட்ட வகைகள் இவ்வாறு ஏமாந்தன. அறிவுடைய பூட்டுக்கும் அறிவுடைய கள்வன் தோன்றிவிட்டான்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. வாங்க எண்ணுவோர் நிறத்தையும் ஆசனத்தையும் நோக்குவதோடு அமையாது, இரண்டு திறப்புகள் உள்ளனவா என்று முதலிற் கேட்டல் நன்று. ஒரு திறப்பு கையிலிருக்கும்போதே இரண்டாவதைச் செய்வித்தல் எளிது. இரண்டும் இல்லாதபோது செய்வித்தல் கடினமும் செலவுமாகும். தொலைவிலிருந்து திறக்கும் வண்டியாயின், இரவில் அலையைத் தடுக்கும் உறையில் திறப்பை இட்டு வைத்தல் தகும்.

வன்னியின் பழைய வண்டியைக் காத்தது பூட்டன்று. அதனைப் பழுதுபார்க்கக் கற்ற கைகளே காத்தன. புதிய வண்டியைக் காப்பதோ நுட்பமான பூட்டு. அந்நுட்பத்தை அறிந்த கைகளும் உள்ளூரில் உருவாதல் வேண்டும். வன்னியின் தொழிற்பயிற்சி நிலையங்களிற் பயிலும் இளைஞர், உழவு இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டுவதோடு திறப்பின் மொழியையும் கற்பாராயின் இக்குறை நீங்கும். திருப்பிக் கொடுக்கும் வழியறியாத காவல், உரியவருக்கும் சிறையேயாகும்.