விக்கெட் காப்பாளர் கையுறை

விக்கெட் காப்பாளர் கையுறை என்பது கிரிக்கெட் விளையாட்டில் ஸ்டம்புகளுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் விக்கெட் காப்பாளர் தம் இரு கைகளிலும் அணியும் காப்புறை ஆகும். களத்தடுப்பு அணியில் கையுறை அணியும் உரிமை இவர் ஒருவருக்கே உண்டு.

அமைப்பு

ஆடவர் கிரிக்கெட்டில் புதிய பந்தின் எடை 155.9 முதல் 163 கிராம் வரை இருக்கும். வேகப்பந்து மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்திலும் வரக்கூடும். கையுறையின் வெளிப்புறம் தோலாலும், உள்ளங்கைப் பகுதி சொரசொரப்பான இரப்பராலும் ஆனது. இரப்பர், பந்து நழுவாமல் காக்கிறது. உள்ளே பருத்தியாலோ மென்தோலாலோ ஆன மெல்லிய உறை ஒன்றும் அணியப்படும். ஆயினும் கையுறை மட்டுமே அதிர்ச்சியைத் தாங்கிவிடுவதில்லை. பந்து கையில் படும்போது காப்பாளர் கைகளைப் பின்னோக்கி இழுத்து அதன் வேகத்தைத் தணிக்கிறார். இந்தியாவில் மீரட், ஜலந்தர் ஆகிய நகரங்கள் விளையாட்டுக் கருவிகள் தயாரிப்புக்குப் பெயர் பெற்றவை.

விதிகள்

கையுறை, கையைக் காக்கும் கருவியாக இருக்க வேண்டுமே தவிரப் பந்தைப் பிடிக்கும் வலையாகிவிடக் கூடாது என்பதே விதிகளின் அடிப்படை. 2000ஆம் ஆண்டு விதித்தொகுப்பில் 40ஆவது விதியும், 2017ஆம் ஆண்டுத் தொகுப்பில் 27ஆவது விதியும் இதனைக் கூறுகின்றன. இவற்றின்படி:

- சுட்டுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே மட்டுமே இணைப்புச் சவ்வு இருக்கலாம்.
- சவ்வு நீளும் தன்மையற்ற ஒரே துண்டாக இருக்க வேண்டும்.
- அவ்விரு விரல்களின் நுனிகளை இணைக்கும் நேர்கோட்டைச் சவ்வு தாண்டக் கூடாது.
- கட்டைவிரலை முழுதாக விரிக்கும்போது சவ்வு விறைப்பாக நிற்க வேண்டும்.

2022 ஜூன் மாதம் முல்தானில் நடந்த ஒருநாள் போட்டியில், பாகிஸ்தான் அணித்தலைவர் பாபர் அசாம் காப்பாளரின் கையுறை ஒன்றை அணிந்து பந்தைப் பிடித்ததால், எதிரணியான மேற்கிந்தியத் தீவுகளுக்கு 5 ஓட்டங்கள் வழங்கப்பட்டன.

தமிழ்நாட்டுடன் தொடர்புடைய காப்பாளர்கள்

- சையது கிர்மானி: 1949இல் சென்னையில் பிறந்து கர்நாடக அணிக்கு ஆடியவர். 1983 உலகக்கோப்பையை வென்ற இந்திய அணியின் காப்பாளர்.
- பரத் ரெட்டி: 1979இல் இங்கிலாந்தில் 4 தேர்வுப் போட்டிகளில் ஆடினார்.
- தினேஷ் கார்த்திக்: 2004இல் லார்ட்ஸ் அரங்கில் தமது முதல் ஒருநாள் போட்டியிலேயே மைக்கேல் வானை ஸ்டம்பிங் முறையில் வீழ்த்தினார்.

பிற விளையாட்டுகளில்

பனி ஹாக்கியில் இலக்குக் காப்பாளர் ஒரு கையில் மட்டும் பிடிகையுறை அணிவார். 1940களில் எமில் பிரான்சிஸ் பேஸ்பால் கையுறையைத் திருத்தி அணிந்ததிலிருந்து இவ்வடிவம் பரவியது. கிரிக்கெட்டில் தடை செய்யப்பட்ட ஆழமான வலைப்பை இங்கு அனுமதிக்கப்படுகிறது. எனினும் அங்கும் அளவுக்கு எல்லை உண்டு. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் விதிப்படி அதன் சுற்றளவு 45 அங்குலத்தை, அதாவது 114.3 செ.மீ.யைத் தாண்டக் கூடாது.