புல்லட்டோட ஒன்றுவிட்ட அண்ணன்: ஒத்தை சிலிண்டர் டிராக்டரும் ரிப்பேர் பண்ற உரிமையும்

(பேச்சுப் பதிவிலிருந்து சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

இன்னைக்கு ரெண்டு சத்தத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

முதல் சத்தம் உங்க எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில இசிஆர்ல கும்பலா பாண்டிச்சேரி போற புல்லட்டுகளோட சத்தம். பாண்டிச்சேரிக்குள்ள நுழையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு ஊரைத் தாண்டுவீங்க. அதுதான் எங்க கோட்டக்குப்பம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம்.

ரெண்டாவது சத்தத்தைக் கேட்கணும்னா ரோட்டை விட்டு மேற்கே வானூர் பக்கம் போகணும். செம்மண், முந்திரித் தோப்பு, சவுக்குத் தோப்பு, மல்லாட்டைக் கொல்லை. வேர்க்கடலையை எங்க பக்கம் மல்லாட்டைன்னுதான் சொல்வோம். அங்கே சில வீடுகள்ல இன்னும் ஒரு பழைய டிராக்டர் நிக்குது. ஸ்டார்ட் பண்ணினா டக்... டக்... டக்னு ஒவ்வொரு அடியும் தனித்தனியா எண்ணிடலாம் போல இருக்கும். அது ஐஷர் டிராக்டர். ஒரே சிலிண்டர், காத்துல குளிரும் இன்ஜின்.

புல்லட்டும் ஒரே சிலிண்டர், காத்துல குளிரும் இன்ஜின்தான். அந்த ஒற்றுமை தற்செயல். ஆனா இந்த ரெண்டு வண்டிக்கும் நிஜமாவே ஒரு குடும்ப உறவு இருக்கு. அந்த உறவோட வரலாறுதான் இன்னைக்குக் கதை. ஒரு பழைய டிராக்டரை வீட்டு வாசல்ல வச்சே உயிர்ப்பிக்க முடியுதுன்னா அது எதனால, நாளைக்கும் அது முடியுமா? அந்தக் கேள்விக்குப் போறதுக்கு இந்தக் கதை வேணும்.

ஜெர்மனியிலிருந்து ஃபரிதாபாத்துக்கு

ஜெர்மனியில மியூனிக் நகரத்துக்குக் கிழக்கே ஃபோர்ஸ்டெர்ன்னு ஒரு சின்ன ஊர். அங்கே ஆல்பெர்ட், ஜோசஃப் ஐஷர்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் 1936-ல தங்களோட முதல் டிராக்டரைச் செஞ்சாங்க. போருக்குப் பிறகு, 1948-ல, காத்துல குளிரும் டீசல் இன்ஜின் வச்ச டிராக்டரைக் கொண்டு வந்தாங்க. ரேடியேட்டர் கிடையாது, தண்ணி பம்ப் கிடையாது. பனிக்காலத்துல உறைஞ்சு போறதுக்கு உள்ளே தண்ணியே இல்லை. அங்கே குளிருக்காக வந்த அந்த வசதி, இங்கே வெயிலுக்கு உதவுச்சு. ரேடியேட்டர் ஒழுகல், தண்ணி கொதிக்கிறது மாதிரி தலைவலியே இல்லை.

அதே சமயம் இந்தியாவுல என்ன நிலைமை? சுதந்திரம் வந்தப்போ நம்ம நாட்டுல டிராக்டர் தொழிற்சாலையே இல்லை. 1947-ல மத்திய டிராக்டர் அமைப்புன்னு ஒண்ணை அரசாங்கம் தொடங்குச்சு. அமெரிக்க ராணுவம் விட்டுட்டுப் போன வண்டிகளை வச்சுத்தான் களை மண்டிக் கிடந்த நிலங்களைத் திருத்த ஆரம்பிச்சாங்க. மத்ததெல்லாம் இறக்குமதி. இறக்குமதி வண்டியில ஒரு பாகம் உடைஞ்சா அடுத்த பாகமும் கப்பல்லதான் வரணும்.

இந்த நிலைமையிலதான் 1948-ல குட் எர்த்னு ஒரு கம்பெனி வெளிநாட்டு டிராக்டர்களை வரவழைச்சு வித்து, சர்வீஸும் செஞ்சுது. அதே ஆளுங்க ஜெர்மன் ஐஷரோட கைகோத்து, 1959-ல ஃபரிதாபாத்ல ஒரு தொழிற்சாலை போட்டாங்க. இந்தியாவுல தயாரான முதல் டிராக்டர் அங்கிருந்துதான் வெளியே வந்துச்சு. 1965-லிருந்து முழுக்க உள்நாட்டுப் பாகங்களோட தயாராக ஆரம்பிச்சுது.

என்னைப் பொறுத்தவரைக்கும் இந்தக் கதையில முக்கியமான வருஷம் அந்த 1965-தான். ஒரு வண்டி இங்கே ஓடுறது வேற, அதோட ஒவ்வொரு பாகத்தையும் இங்கேயே செய்யத் தெரியறது வேற. பாகம் இங்கேயே செய்யத் தெரிஞ்சதுக்கு அப்புறம், ஃபரிதாபாத் தொழிற்சாலை லீவு விட்டாலும் திண்டிவனத்துல ஒரு லேத் பட்டறைக்காரர் புஷ் கடைஞ்சு கொடுத்துடுவார்.

சென்னைக்கு ஒரு கைமாத்து

இப்போ உறவுக்கு வருவோம். ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்துக் கம்பெனி. 1955-ல சென்னையில மெட்ராஸ் மோட்டார்ஸோட சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா பிறந்துச்சு. திருவொற்றியூர்ல புல்லட் தயாராச்சு. 1970-ல இங்கிலாந்துக் கம்பெனி கடையை மூடிருச்சு. திருவொற்றியூர் மட்டும் நிக்கல.

1990-ல அந்த என்ஃபீல்டு இந்தியாவுல பங்கு வாங்கினது யாரு? டிராக்டர் செஞ்ச ஐஷர். 1994-ல முழுசாவே தன்கிட்ட சேர்த்துக்கிச்சு. சென்னை புல்லட், டெல்லி பக்கத்து டிராக்டர் வீட்டுக்குப் போயிருச்சு. அதனாலதான் ஒன்றுவிட்ட அண்ணன்னு சொன்னேன்.

அப்புறம் கணக்கு தலைகீழாச்சு. 2000-த்துக்குப் பிறகு ஐஷர் தன்னோட பல தொழில்களை விட்டுட்டு புல்லட், லாரி ரெண்டு மேல கவனம் வச்சுது. 2005-ல டிராக்டர் தொழிலையே வித்துருச்சு. வாங்கினது நம்ம சென்னை டாஃபே. மேஸி ஃபெர்குசன் டிராக்டர் செய்யறதுக்காக 1960-ல தொடங்கின கம்பெனி. சென்னை வண்டி டெல்லிக்குப் போச்சு, டெல்லி வண்டி சென்னைக்கு வந்துச்சு.

ஜெர்மன் ஐஷர் இப்போ டிராக்டர் செய்யறதில்லை. அதோட பழைய வண்டிகளை அங்கே சேகரிச்சுப் பாதுகாக்கிறாங்க. இங்கே ஐஷர் பேருல புது டிராக்டர் இன்னும் மத்தியப் பிரதேசத்து மண்டிதீப்ல தயாராகுது. பிறந்த வீட்டுல அருங்காட்சியகப் பொருள், புகுந்த வீட்டுல ஏர் ஓட்டுது. புல்லட்டுக்கும் இதே கதைதான்.

வாசல்ல நிக்கிற வண்டி

இப்போ கைக்கு கிரீஸ் படற பகுதி. எங்க மாமா வீட்டுல நிக்கிற பழைய ஐஷர்ல வார இறுதிகள்ல அவரோட வேலை செய்யறேன். 25 குதிரைத்திறன், ஒரே சிலிண்டர், 1557 சிசி. நாலு புல்லட் 350-யோட இன்ஜினைக் கூட்டினாக்கூட அந்த ஒரு சிலிண்டரோட அளவு வராது. அப்படிப்பட்ட ஒரு பிஸ்டன் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவைதான் வெடிக்குது. மிச்ச நேரம் இன்ஜினைத் தள்ளிக்கிட்டுப் போறது கனமான ஃப்ளைவீல்.

ரொம்ப நாள் நின்ன வண்டியில நேரா சாவியைத் திருகக் கூடாது. எங்க வரிசையைச் சொல்றேன்.

முதல்ல சுத்தம். காத்துல குளிரும் இன்ஜின்ல சிலிண்டரைச் சுத்தி மடிப்பு மடிப்பா இரும்புத் தகடுகள் இருக்கும். செம்மண் தூசியும் கசிஞ்ச ஆயிலும் சேர்ந்து அதுக்குள்ள செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும். சூடு வெளியே போக வழியில்லைன்னா பிஸ்டன் பிடிச்சுக்கும். மண்ணெண்ணெய் ஊத்தி, மூங்கில் குச்சியால சுரண்டி எடுக்கணும். காத்து வடிகட்டியும் ஒரு ஆயில் கிண்ணம்தான். உள்ளே இழுக்கிற தூசியெல்லாம் அந்த ஆயில்ல ஒட்டிக்கும். கிண்ணத்தைக் கழட்டிப் பார்த்தா, அடியில செம்மண் சேறு.

ரெண்டாவது டீசல். எங்க ஊர் கடற்கரை ஊர். உப்புக்காத்து தகரத்தை மட்டும் தின்னாது. பாதி காலியான டேங்க்ல ராத்திரி ஈரம் படிஞ்சு தண்ணியா இறங்கும், டேங்க் உள்ளே துரு பிடிக்கும். பழைய டீசலை முழுசா வடிச்சு, டேங்க்கைக் கழுவி, ஃபில்டர் மாத்தணும். நிறுத்தி வைக்கிறப்போ டேங்க்கை நிரப்பி வைக்கணும். அப்புறம் மெக்கானிக்குங்க சொல்ற "ஏர் எடுக்கிறது". டீசல் குழாய்ல ஒரு காத்துக்குமிழி இருந்தாலும் இன்ஜின் பிடிக்காது. நட்டைத் தளர்த்தி, நுரை நின்னு சுத்தமான டீசல் வர்ற வரைக்கும் கையால பம்ப் அடிக்கணும். ஒரு எச்சரிக்கை: நாசில் பீச்சுற இடத்துல விரலை வைக்காதீங்க. அந்த அழுத்தத்துக்கு டீசல் தோலைத் துளைச்சு உள்ளே போயிடும்.

மூணாவது, நாசிலும் பம்ப்பும். இதை நாங்க வீட்டுல தொடல. இதுக்குன்னே டீசல் பம்ப் சர்வீஸ் கடைங்க இருக்கு. 1951-ல மைக்கோ தொடங்கி, நம்ம நாட்டு டீசல் வண்டி பலதுக்கும் இந்தப் பாகங்களைச் செஞ்சு கொடுத்துச்சு. அதனால வண்டி எந்தக் கம்பெனியா இருந்தாலும், பம்ப் கடைக்காரருக்கு அது பழகின பொருள்.

கடைசியா ஒரு விஷயம்தான் என்னை உட்கார வச்சு யோசிக்க வச்சுது. டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை. காத்தை நசுக்கினா சூடாகும், அதுல டீசல் பீச்சினா தானாப் பத்திக்கும். ஓட ஆரம்பிச்சுட்டா இந்த இன்ஜினுக்கு கரண்ட்டே தேவையில்லை. பேட்டரியைக் கழட்டினாலும் ஓடும். நிறுத்தணும்னா ஒரு ஒயரை இழுத்து டீசலைத் தடுக்கணும், அவ்வளவுதான். ஒரு வரி சாஃப்ட்வேர் கிடையாது. என்னோட தொழிலுக்கு இந்த வண்டியில வேலையே இல்லை.

பூட்டு எப்போ வந்துச்சு?

புது டிராக்டர்ல என் தொழிலுக்கு வேலை நிறைய இருக்கு. டீசல் எவ்வளவு, எந்த நொடியில பீச்சணும்னு கணினி முடிவு பண்ணுது. இது கெட்டதில்லை. இந்தியாவுல 2023 ஜனவரியிலிருந்து 50 குதிரைத்திறனுக்கு மேல உள்ள டிராக்டர்களுக்குப் புது புகை விதி அமலுக்கு வந்தது. அந்த அளவுக்குப் புகையைக் குறைக்க எலக்ட்ரானிக் கட்டுப்பாடு வேணும். பழைய ஐஷர் விடற கருப்புப் புகையை நான் புகழப் போறதில்லை. பழைய வண்டிகள் பலதுல தலைக்கு மேல பாதுகாப்புக் கம்பியும் கிடையாது. வரப்புல கவிழ்ந்தா ஓட்டறவர் உயிருக்கே ஆபத்து. பழசெல்லாம் பொற்காலம்னு சொல்ல இந்த எபிசோடு பண்ணல.

பிரச்சினை கணினியில இல்லை, பூட்டுல இருக்கு. அமெரிக்காவுல பல டிராக்டர்கள்ல ஒரு சென்சார் மாத்தினாக்கூட கம்பெனியோட சாஃப்ட்வேர் அதை அங்கீகரிக்கணும். அந்த சாஃப்ட்வேர் டீலர்கிட்ட மட்டும்தான் முழுசா இருக்கும். அறுவடை நேரத்துல டீலருக்காக விவசாயி காத்திருக்கணும். தன் சொந்த வண்டியோட சாஃப்ட்வேர் பூட்டை ரிப்பேருக்காகத் திறக்கிறதே பதிப்புரிமைச் சட்டப்படி தப்பாங்கிற கேள்வி வந்து, 2015-ல டிராக்டருக்கும் சேர்த்து விலக்கு கொடுக்க வேண்டியதாச்சு. 2023-ல கொலராடோ மாநிலம் விவசாயக் கருவிகளை ரிப்பேர் பண்ற உரிமைக்குத் தனிச் சட்டமே போட்டுச்சு. 2024 ஜனவரி 1-லிருந்து அமல். கருவி, கையேடு, சாஃப்ட்வேர், பாகம் எல்லாத்தையும் கம்பெனி விவசாயிக்கும் வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்கணும். 2025 ஜனவரியில அமெரிக்க வர்த்தக ஆணையம் ஜான் டியர் மேல இதே விஷயத்துக்காக வழக்குப் போட்டுச்சு.

நம்ம நாட்டுல? 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை ரிப்பேர் உரிமைக்கு ஒரு குழு அமைச்சுது. அவங்க எடுத்துக்கிட்ட நாலு துறையில ஒண்ணு விவசாயக் கருவி. மத்தது செல்போன் உள்ளிட்ட மின்னணுப் பொருள், வீட்டு உபயோகப் பொருள், வாகனம். அந்த டிசம்பர்லேயே ஒரு இணையதளமும் வந்தது. தளம்கிறது கம்பெனிகள் தாங்களே முன்வந்து விவரம் போடற இடம். கொலராடோ மாதிரி கட்டாயப்படுத்துற தனிச் சட்டம் இல்லை.

இதுல நமக்கு ஒரு அவகாசம் இருக்கு. எங்க வானூர் பக்கத்துக் கொல்லைகளுக்கு ஏத்த சின்ன டிராக்டர்கள் 50 குதிரைத்திறனுக்குக் கீழே. அதுங்க பெரும்பாலும் இன்னும் பழைய மாதிரி பம்ப்லதான் ஓடுது. புகை விதி ஒருநாள் அவங்களுக்கும் வரும், வரணும். வரும்போது பூட்டோட வருமா, கையேட்டோட வருமாங்கிறது இப்போ முடிவாகணும். புகையைக் குறைக்கிற கணினி வேணும். பழுது என்னன்னு அந்தக் கணினி சொல்றதை யார் வேணா படிக்க முடியணும். தொழில்நுட்பமா இது ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதாது. கோடு எழுதிச் சம்பாதிக்கிறவனா இதை உறுதியாச் சொல்வேன்.

1965-க்கு ஒரு நிமிஷம் திரும்பிப் போவோம். ஐஷர் சாகாம இருக்கிறதுக்கு அதோட இரும்பு மட்டும் காரணமில்லை. பாகம் இங்கே கிடைச்சுது, அறிவு பட்டறை வரைக்கும் இறங்கி வந்துச்சு, கம்பெனி கைமாறினப்போகூட அந்தத் தொடர்ச்சி அறுந்து போகல. இதுல பாகம் எப்படியாவது கிடைச்சுடும். அறிவுதான் இப்போ கையை விட்டுப் போய்க்கிட்டிருக்கு. சத்தத்தை வச்சே வால்வு இடைவெளி கூடியிருக்குன்னு சொல்ற மெக்கானிக்குகளுக்கு வயசாகுது. அவங்க பிள்ளைங்க பட்டறைக்கு வரல, நம்மள மாதிரி ஐடிக்கு வந்துட்டாங்க.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ, உங்க பக்கத்து டிராக்டர் மெக்கானிக் ஒருத்தர்கிட்ட அனுமதி கேட்டு, அவர் ஒரு இன்ஜினைப் பிரிச்சு மாட்டறதைப் போன்ல பதிவு பண்ணுங்க. எந்த நட்டு முதல்ல, எவ்வளவு இறுக்கம், ஏன் அப்படின்னு கேளுங்க. நம்ம சின்ன டிராக்டர்களுக்குத் தமிழ்ல ஒரு நல்ல சர்வீஸ் கையேடு வேணும்னா, அதை இப்படித்தான் எழுத ஆரம்பிக்கணும்.