கடமைக்குக் கடந்த காலம் உண்டா? கிரேக்க மொழியினரும் ஆங்கிலக் கட்டாய வினைகளும்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ‘எதெய்’ என்றொரு வினை வடிவம் உண்டு. யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில், யூதேயாவை விட்டுக் கலிலேயாவுக்குத் திரும்பும் இயேசு சமாரியா வழியாகப் போக நேர்ந்ததைச் சொல்ல அது வருகிறது. மத்தேயு 23ஆம் அதிகாரத்தில், புதினாவுக்கும் சீரகத்துக்கும் தசமபாகம் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் கைவிட்டவர்களைக் கண்டிக்கும் இடத்திலும் அதே வடிவம்தான் நிற்கிறது. முதல் இடத்தில் கட்டாயம் நிறைவேறிவிட்டது. அவர் சமாரியா வழியாகவே போனார். இரண்டாம் இடத்தில் கடமை நிறைவேறவில்லை; அதனால்தான் கண்டனம். கிரேக்கம் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கியது.

1611இல் வெளியான ஆங்கில வேதாகமம் முதல் இடத்தில் ‘மஸ்ட் நீட்ஸ்’ என்றும், இரண்டாம் இடத்தில் ‘ஆட்’ என்றும் பிரித்தது. அன்றைய ஆங்கிலத்தில் ‘மஸ்ட்’ கடந்த காலத்தையும் சுமக்க முடிந்தது. 1946இல் வந்த அமெரிக்கத் திருத்தப் பதிப்பின் புதிய ஏற்பாட்டில் ‘மஸ்ட்’ போய் ‘ஹேட் டு’ வந்துவிட்டது; ‘ஆட்’ மட்டும் அசையவில்லை. கிரேக்கத்திலோ 19ஆம் நூற்றாண்டில் நியோஃபிதோஸ் வாம்வாஸ் தம் காலத்து மொழியில் பெயர்த்தபோது ‘எதெய்’ மறைந்து ‘எப்ரெபே’ வந்தது. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே ‘எப்ரெபே’தான். கிரேக்கத்தில் சொல் மாறியது, பொருளின் எல்லை மாறவில்லை. ஆங்கிலத்தில் எல்லையே பிளந்துபோயிற்று. ஆங்கிலம் கற்கும் கிரேக்கர் இடறுவது பெரும்பாலும் இந்தப் பிளவில்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கிரேக்கம் வந்த வழி

பழங்கிரேக்கத்தில் கட்டாயத்தைக் குறிக்கும் முதுசொல் ‘க்ரே’. தேவை என்னும் பொருளுடைய பெயர்ச்சொல்லாகத் தொடங்கி வினைபோல் இயங்கத் தொடங்கிய சொல் அது. ஹோமரின் காவியங்களில் அதுவே ஆட்சி செய்கிறது. ‘எதெய்’யின் நிகழ்கால வடிவமான ‘தெய்’ அங்கே ஒரே ஒரு முறைதான் வருகிறது, அதுவும் இலியத்தின் ஒன்பதாம் பாடலில். ஏதென்ஸின் உரைநடையில் ‘தெய்’ மேலோங்கியது. புதிய ஏற்பாட்டுக் காலத்துக்குள் நிலைமை முற்றிலும் தலைகீழ்: அதில் ‘தெய்’ ஏறத்தாழ நூறு முறை வர, ‘க்ரே’ யாக்கோபு நிருபத்தில் ஒரே ஒரு முறை எட்டிப் பார்க்கிறது.

அதே புதிய ஏற்பாட்டில், ‘எப்ரெபே’யின் நிகழ்கால வடிவமான ‘ப்ரெபெய்’ என்ற வினை ஏழு இடங்களில் உண்டு. எங்கும் அதற்குக் ‘கட்டாயம்’ என்ற பொருளில்லை. ‘தகும்’, ‘பொருந்தும்’ என்பதே பொருள். அதற்கும் முன்னால் அது ‘கண்ணில் படும்படி எடுப்பாக இருத்தல்’ என்பதைச் சொன்ன வினை. எடுப்பாகத் தெரிவது பொருத்தமாயிற்று, பொருத்தம் பின்னர் கட்டாயமாயிற்று. இடைக்காலக் கிரேக்கத்தில் நடந்த இந்த இரண்டாம் நகர்வின் முடிவில் ‘தெய்’ பேச்சிலிருந்து விலகிவிட்டது. அதன் எச்சமான ‘தெயோன்’ மட்டும் கற்றோர் வழக்கில் தங்கியது. ஜெரமி பெந்தம் தம் அறவியலுக்கு ‘டியான்டாலஜி’ என்று பெயர் சூட்டியதும், 1951இல் வான் ரைட் கடப்பாட்டுத் தர்க்கத்துக்கு ‘டியான்டிக்’ என்ற அடைமொழியைத் தந்ததும் அந்த எச்சத்திலிருந்துதான். கிரேக்கர் வாயில் செத்துப்போன வினை ஆங்கில இலக்கண நூல்களில் உயிரோடு உலவுவது ஒரு வேடிக்கை.

இதற்கிடையே வாக்கிய அமைப்பும் மாறியது. ‘செய்ய’, ‘போக’ என்பது போன்ற எச்ச வடிவத்தைக் கிரேக்கம் இழந்தது. பால்கன் பகுதியின் அண்டை மொழிகள் பலவற்றிலும் இதே இழப்பு உண்டு. ‘அதன்பொருட்டு’ என்ற பொருளில் வந்த ‘ஹினா’ தேய்ந்து ‘நா’ ஆனது. அதன் பின்னால் எண், இடம் காட்டும் முழு வினை வரத் தொடங்கியது. ‘ப்ரெபெய்’ இன்று ‘ப்ரெபி’ என ஒலிக்கும். ‘ப்ரெபி நா பாவோ’ என்றால் நான் போக வேண்டும். ‘ப்ரெபி நா பாஸ்’ என்றால் நீ போக வேண்டும். ‘ப்ரெபி’ மாறுவதில்லை, யார் என்பதை அடுத்த வினை சொல்லிவிடும். எழுவாயைக் கண்டுகொள்ளாத நம் ‘வேண்டும்’ இதற்கு நெருங்கிய உறவு; நாம் யார் என்பதைச் சொல்ல ‘நான்’, ‘நீ’ என்று தனியே கூற வேண்டியிருப்பது ஒன்றே வேறுபாடு.

‘ப்ரெபி’க்கு ஒரு குறை உண்டு. கிரேக்க வினைகளுக்குப் பொதுவாக இரண்டு இறந்தகால வடிவங்கள் இருக்கும். ஒன்று நீடித்த நிலையைக் காட்டும், மற்றது நடந்து முடிந்ததைக் காட்டும். ‘ப்ரெபி’க்கு முதல் வகையான ‘எப்ரெபே’ மட்டுமே உண்டு. முடிந்ததைக் காட்டும் வடிவம் அதற்கு வாய்க்கவே இல்லை.

ஆங்கிலம் வந்த வழி

பழைய ஆங்கிலத்தின் ‘மோட்’ என்ற வினை முதலில் அனுமதியைக் குறித்தது. ‘மஸ்ட்’ என்பது அதன் இறந்தகால வடிவத்தின் வழித்தோன்றல். இறந்தகால வடிவம் நிகழ்காலப் பொருளுக்கு இடம்பெயர, பழைய நிகழ்கால வடிவம் சுருங்கிச் சுருங்கி, ஃப்ரீமேசன் சடங்குகளில் சொல்லும் ஒரு தொடரோடு நின்றுவிட்டது. அனுமதி எப்படிக் கட்டாயமானது? ‘அனுமதி இல்லை’ என்பதும் ‘செய்யாதிருப்பது கட்டாயம்’ என்பதும் ஒன்றே. மாற்றம் எதிர்மறை வாக்கியங்களில் தொடங்கியிருக்கலாம் என்று சிலர் விளக்குவர். எனக்கு இது ஏற்புடையதாகவே படுகிறது. ‘மஸ்ட் நாட்’ இன்றும் தடையைத்தான் சொல்கிறது, தேவையின்மையைச் சொல்வதில்லை.

‘ஆட்’ உடைமையைக் குறித்த வினையின் இறந்தகாலம். உடைமையிலிருந்து கடனுக்கும் கடனிலிருந்து கடமைக்கும் வந்தது. ‘ஷுட்’டின் மூலமும் கடன்பட்டிருத்தலே. ‘ஹேவ் டு’ பின்னால் வந்தது. ‘செய்வதற்கு ஒரு வேலை என்னிடம் இருக்கிறது’ என்ற உடைமை வாக்கியம் இறுகி ‘செய்தாக வேண்டும்’ என்றானது. கிரேக்கமும் இந்தப் பாதையில் அடியெடுத்து வைத்ததுண்டு. ‘எஹோ’, அதாவது ‘என்னிடம் இருக்கிறது’ என்ற வினை, எச்சத்தோடு சேர்ந்து பிற்காலக் கிரேக்கத்தில் இயலுதல், கட்டாயம், எதிர்காலம் எனப் பல பொருள்களில் அலைந்ததைத் தியோதோர் மார்கோபுலோஸ் 2009இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காணலாம். இன்று ‘எஹோ நா தியவாஸோ’ என்றால் ‘எனக்குப் படிக்க வேண்டியது இருக்கிறது’ என்ற அளவோடு நிற்கிறது. அதே ‘எஹோ நா’ காலச்சொல்லோடு சேர்ந்தால் ‘அவனைப் பார்த்து இரண்டு வருடமாயிற்று’ என்ற பொருளுக்குத் தாவிவிடும். எனவே ‘ஹேவ் டு’வை ‘எஹோ நா’ கொண்டு விளக்க முனையும் ஆசிரியர் பாதி வழியில் கைவிட வேண்டிவரும்.

‘மஸ்ட்’ தன் இறந்தகால ஆற்றலை இழந்தபின் அந்த வெற்றிடத்தை ‘ஹேவ் டு’ நிரப்பியது. அது சாதாரண வினை. ‘ஹேட்’ என்று இறந்தகாலம் ஏற்கும், ‘வில்’லோடு சேரும், ‘டூ’வைக் கொண்டு எதிர்மறையாகும். நிறைவேறாத கடமைக்கு ‘ஷுட் ஹேவ்’, ‘ஆட் டு ஹேவ்’ என்ற தொடர்கள் தனியே நிலைத்தன.

இடறும் இடங்கள்

‘எப்ரெபே நா பாவோ ஸ்தோ யத்ரோ’ என்று ஒருவர் சொல்கிறார். மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது என்பதா, போயிருக்க வேண்டும் என்பதா? வாக்கியம் மட்டும் அதைச் சொல்லாது. ‘கே பீகா’, அதாவது ‘போனேன்’ என்றும் தொடரலாம். ‘அலா தென் பீகா’, ‘ஆனால் போகவில்லை’ என்றும் தொடரலாம். ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும் முன்பே முடிவெடுத்தாக வேண்டும்: போனால் ‘ஹேட் டு’, போகாவிட்டால் ‘ஷுட் ஹேவ்’. தாய்மொழியில் கேட்கப்படாத ஒரு கேள்வி அந்நிய மொழியில் முதலிலேயே கேட்கப்படுகிறது. தமிழர் இதில் தப்பித்துக்கொள்கிறோம். ‘போக வேண்டியிருந்தது’, ‘போயிருக்க வேண்டும்’ என்று நமக்கும் இரண்டு உண்டு.

எதிர்மறை இதைவிட ஆபத்தானது. ‘தென் ப்ரெபி நா’ என்பது தடை. ‘கூடாது’ என்பதற்கு நேர். ‘மஸ்ட் நாட்’டும் தடை என்பதால் இங்கே சிக்கல் இல்லை. ‘மஸ்ட்’ எதிர்மறையின் ஆட்சிக்குள் அடங்க மறுக்கும் இயல்புடையது என்று சபீன் இயாத்ரிதூவும் ஹெதே செய்ல்ஸ்த்ராவும் 2013இல் வாதிட்டதும் இதைத்தான் விளக்குகிறது. ஆனால் ‘ஹேவ் டு’வும் ‘ப்ரெபி’தான் என்று கற்ற மாணவர், ‘டோன்ட் ஹேவ் டு’வைத் ‘தென் ப்ரெபி’ என்றே படிப்பார். ‘இந்த மருந்தை உணவோடு சாப்பிட வேண்டியதில்லை’ என்ற குறிப்பு ‘உணவோடு சாப்பிடக் கூடாது’ என்றாகிவிடும். இது இலக்கணப் பிழையாகக் கண்ணில் படாது, வாக்கியம் சுத்தமாகவே இருக்கும். ஆகவே திருத்துவாரும் இல்லை. கிரேக்கத்தில் தேவையின்மைக்கு உரிய வினை வேறு: ‘தென் ஹ்ரியாஸெதே நா’.

‘மஸ்ட்’டுக்குப் பின் ‘டு’ சேர்ப்பது ‘நா’வின் நிழல். எதிர்காலம் காட்டும் ‘தா ப்ரெபி’யைப் பார்த்து ‘வில் மஸ்ட்’ என்பது இன்னொன்று. இவை விரைவில் உதிர்ந்துவிடும் பிழைகள். ஊகப் பொருளில் இரு மொழிகளும் ஏறத்தாழ ஒத்துப்போகின்றன: ‘ப்ரெபி நா எஃபியே’ என்றால் ‘போயிருக்க வேண்டும்’ என்ற ஊகம், ஆங்கிலத்தில் ‘மஸ்ட் ஹேவ்’.

வகுப்பறை

இரண்டாம் உலகப் போருக்கு முன்பு கிரீஸில் முதன்மை அந்நிய மொழியாக இருந்தது பிரெஞ்சு. அதன்பின் ஆங்கிலம் அந்த இடத்தைப் பிடித்தது. பள்ளிக்கு வெளியே ‘ஃப்ரோந்திஸ்தீரியோ’ எனும் தனிப்பயிற்சி நிலையங்களே அதன் கோட்டை. கேம்பிரிட்ஜ் 1939இல் தொடங்கி 1975இல் பெயர் மாற்றிய தேர்வை அங்கே இன்றும் பழைய பெயரால் ‘லோவர்’ என்றே சொல்வார்கள்.

அங்கு புழங்கும் இலக்கண நூல்கள் பலவும் ஒரு வேறுபாட்டில் நெடுநேரம் செலவிடுகின்றன: பேசுபவரின் சொந்த அதிகாரத்திலிருந்து வரும் கட்டாயத்துக்கு ‘மஸ்ட்’, வெளியிலிருந்து வரும் கட்டாயத்துக்கு ‘ஹேவ் டு’. 1960இல் முதன்முதலில் வெளிவந்த தாம்சன்–மார்ட்டினெட் இலக்கணம் இதைப் பரப்பியவற்றுள் ஒன்று. வேறுபாடு பொய்யல்ல; ஆனால் அதில் தவறினால் யாருக்கும் பொருள் மாறித் தெரிவதில்லை. மேலும் ‘மஸ்ட்’ தானே தேய்ந்து வருகிறது. 1961ஆம் ஆண்டின் எழுத்துகளையும் 1990களின் தொடக்க எழுத்துகளையும் பத்து லட்சம் சொற்கள் கொண்ட தொகுப்புகளில் ஒப்பிட்ட ஜெஃப்ரி லீச், பிரித்தானிய ஆங்கிலத்தில் அதன் பயன்பாடு பத்தில் மூன்று பங்கு அளவுக்கும், அமெரிக்க ஆங்கிலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கும் குறைந்ததை 2003இல் காட்டினார். ‘நீட் டு’ அதே காலத்தில் பன்மடங்கு பெருகியது.

ஆங்கிலம் கற்பிப்போருக்குக் கிரேக்க மொழியே ஒரு கருவியைத் தருகிறது. ‘ப்ரெபி’க்கு இல்லாத, நடந்து முடிந்ததைக் காட்டும் வடிவம் ‘ஹ்ரியாஸெதே’வுக்கு உண்டு: ‘ஹ்ரியாஸ்திகே’. ‘ஹ்ரியாஸ்திகே நா பாவோ’ என்றால் போக வேண்டிவந்தது, போனேன். இது ஹோமர் காலத்து ‘க்ரே’யின் குடும்பத்தைச் சேர்ந்த சொல். ஆகவே சோதனை எளிது. ‘எப்ரெபே’யை எடுத்துவிட்டு ‘ஹ்ரியாஸ்திகே’யை வைக்க முடிந்தால் ஆங்கிலத்தில் ‘ஹேட் டு’. வைத்தால் பொருள் கெடுகிறது என்றால் ‘ஷுட் ஹேவ்’. எதிர்மறைக்கும் இதே வழிதான்: ‘தென் ஹ்ரியாஸெதே’ பொருந்தும் இடத்தில் ‘டோன்ட் ஹேவ் டு’, பொருந்தாத இடத்தில் ‘மஸ்ட் நாட்’. கிரேக்க மாணவர்க்குப் பாடநூல் எழுதுவோர் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்ற பாடத்தைப் பின்னுக்குத் தள்ளி, இந்த இரண்டையும் முதலில் வைப்பது நல்லது.