சாக்கில் வரைந்த துயரம்

படங்கு என்றால் நம் ஊரில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கட்டும் சாக்கு. அதே சணல் சாக்குத் துணியில் உலகப் புகழ்பெற்ற சில ஓவியங்கள் வரையப்பட்டிருப்பது பலருக்குத் தெரியாது.

1888 ஒக்டோபரில், வின்சென்ட் வான்கோவுடன் தங்கி வரைவதற்காக போல் கோகன் பிரான்ஸின் ஆர்ல் நகருக்கு வந்தார். வந்ததும் 20 மீற்றர் சணல் துணி வாங்கினார். அன்று உலகச் சந்தைக்குச் சணல் பெரும்பாலும் நமக்குப் பக்கத்து வங்காளத்திலிருந்தே போனது.

சாக்கு எண்ணெயை உறிஞ்சிவிடும், வர்ணம் மினுங்காது. தடித்த இழைகளில் நுணுக்கமான கோடு நிற்காது. ஆகவே பெரிய உருவங்கள், அகன்ற நிறப்பரப்புகள் என்றுதான் வரைய வேண்டும்.

அப்படி வந்ததுதான் கோகனின் 'மனிதத் துயரங்கள்'. இன்று டென்மார்க்கின் ஓர்ட்ரப்கார்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. திராட்சை அறுவடை நடக்கிறது. பின்னால் பெண்கள் குனிந்து வேலை செய்கிறார்கள். முன்னால் ஒருத்தி முகத்தைக் கைகளில் தாங்கி உட்கார்ந்திருக்கிறாள். பளபளப்பாக வரைந்திருந்தால் அது அறுவடைத் திருநாளாகத் தெரிந்திருக்கும். மங்கிய நிறமும் சாக்கின் சொரசொரப்பும் அவள் களைப்பை நம் கண்ணில் உறைக்கச் செய்கின்றன.

வான்கோவும் அதே துணியில் வெட்டி எடுத்து, தன் நாற்காலியையும் கோகனின் நாற்காலியையும் வரைந்தார். இரண்டிலும் ஆளில்லை. அந்த டிசம்பரிலேயே இருவரும் பிரிந்தார்கள்.

பின்னர் தஹிட்டித் தீவில், 1897-98இல், கோகன் மீண்டும் முரட்டுச் சாக்குத் துணியை எடுத்தார். ஏறத்தாழ 3.75 மீற்றர் நீளமான அந்த ஓவியம் பொஸ்டனில் இருக்கிறது. அதன் பெயர்: 'நாம் எங்கிருந்து வந்தோம்? நாம் யார்? எங்கே போகிறோம்?'

மலையகத்தின் 200 ஆண்டுகளை 2023இல் நினைவுகூர்ந்தபோது நாம் கேட்டதும் இதே கேள்விகள்தான். கோப்பித் தோட்டமாகத் தொடங்கிய நம் றொத்சைல்ட் தேயிலைக்கு மாறியது. உழைத்தவர்களின் பெயர்களோ பெரும்பாலும் எங்கும் எழுதப்படவில்லை.

கோகனின் சாக்கை அருங்காட்சியகம் பாதுகாக்கிறது. நம் பாட்டிமார் கட்டிய படங்கை யார் பாதுகாப்பது? சணல் சாக்கே அரிதாகி, பிளாஸ்டிக் வந்துவிட்டது. வீட்டில் பழைய படங்கோ கொழுந்துக் கூடையோ இருந்தால் தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள். ஒரு படம் எடுங்கள். அதைக் கட்டியவர் பெயரையும், வேலை செய்த தோட்டத்தையும் டிவிஷனையும் பின்னால் எழுதி வையுங்கள். பிள்ளைகள் கேட்கும்போது காட்ட ஏதாவது இருக்கட்டும்.