குழலும் உருளையும்

உருளைகளில் சுற்றிக் கேசத்தைச் சுருட்டிக் கொண்டால் கூந்தல் கெட்டுப் போகுமா, போகாதா? மதுரையில் மட்டுமல்ல, கப்பலூர், திருமங்கலம் போன்ற ஊர்களிலும் தாய்க்கும் மகளுக்கும் இடையே நடக்கக் கூடிய வழக்குதான் இது. பெண் கடையிலிருந்து ஒரு டஜன் ரோலர் வாங்கி வருவாள். "இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி, அதுவும் பட்டு நூல் மாதிரி மெல்லிசு. அதைப் போய் இதிலே சுற்றுவதாவது!" என்பாள் தாய். "சூடு கூடக் கிடையாது அம்மா, நீ சும்மா இரு" என்பாள் பெண். வீட்டில் பாட்டி ஒருத்தி இருந்துவிட்டால் நடுவிலே விளக்கெண்ணெயின் மகிமையும் வந்து சேரும். வழக்கு மட்டும் தீராது.

கூந்தலைப் பற்றிய வழக்கு மதுரைக்குப் புதிதா என்ன? பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, அல்லது பூவாலும் தைலத்தாலும் வருவதுதானா என்று செண்பகப் பாண்டியனுக்கு ஒரு சந்தேகம் வந்ததாகவும், அதனால் ஏழைத் தருமிக்கு ஆயிரம் பொன் ஆசை பிறந்ததாகவும், இறைவனே புலவராக வந்து நக்கீரரோடு வாதாடியதாகவும் திருவிளையாடற் கதை சொல்கிறது. 1965-இல் வெளிவந்த திரைப்படத்தில் நாகேஷ் அந்தத் தருமியாக வந்து புலம்பியதைத் தமிழ் நாடு இன்னும் மறக்கவில்லை. நெற்றிக் கண் திறந்தது, பொற்றாமரைக் குளத்தில் புலவர் விழுந்தார், எல்லாம் சரி. அவ்வளவு பெரிய சபையில் ஒருவருக்காவது, கூந்தலை உடையவளையே கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கலாமே என்று தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

நம்மவர்கள் கூந்தலைச் சுருட்டவே அறியாதவர்கள், இது மேல்நாட்டு வழக்கம் என்று சொல்வோரும் உண்டு. அவர்களுக்கு 'ஐம்பால்' என்ற பழஞ்சொல்லை நினைவூட்ட வேண்டும். கூந்தலை முடிக்கும் ஐந்து வகையால் வந்த பெயர் அது. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று உரைகாரர்கள் வகுத்துச் சொல்வார்கள். இவற்றில் குழல் என்பது சுருட்டி முடிப்பது. ஊதுகிற குழலும் குழல்தான், அடுப்பு ஊதும் குழலும் குழல்தான், கூந்தலும் குழல்தான். கடையில் விற்கிற ரோலரும் உள்ளே துளையுள்ள ஒரு சிறு குழாய் அல்லவா? அதற்குத் தமிழில் பெயர் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் தோண்டியபோது தந்தத்தில் செய்த சீப்பு ஒன்று கிடைத்தது. தலைவாரிக் கொள்வதில் இந்த மண்ணின் பெண்களுக்கு அந்தக் காலத்திலேயே எத்தனை அக்கறை இருந்திருக்கிறது!

அந்தப் பழங்காலத்தில் யவனக் கப்பல்கள் பாண்டிநாட்டு முத்துக்காகவும் சேரநாட்டு மிளகுக்காகவும் வந்து போயின. மதுரையிலேயே ரோமானிய நாணயங்கள் அகப்பட்டிருக்கின்றன. அந்த நாணயங்கள் புறப்பட்ட ரோமாபுரியில், நம் தாய்-மகள் வழக்கு அச்சு அசலாக அப்படியே நடந்திருக்கிறது. அங்கே வாதி ஒரு கவிஞன். பிரதிவாதி அவனுடைய காதலி.

கவிஞன் பெயர் ஓவிட். கி.மு. 43-இல் பிறந்தவன். அவனுடைய காதற் பாடல்களில் ஒன்று முழுக்க முழுக்க உதிர்ந்து போன கூந்தலைப் பற்றியது. அவளுக்கு நீண்ட கூந்தல். அது இடையைத் தொட்டது. அதே சமயம், கிழக்கத்திய பட்டைப் போல் தொடவே அஞ்சும்படி மெல்லியது. அதற்கு அவள் சாயம் ஏற்றினாள். சூடான இரும்பால் சுருள் வைத்தாள். வேண்டாம், வேண்டாம் என்று அவன் தலையில் அடித்துக் கொண்டான். அவள் கேட்கவில்லை. ஒரு நாள் எல்லாம் கொட்டிப் போயிற்று. தோற்றுப் போன ஜெர்மானிய இனத்துப் பெண்களின் முடியைப் பொய்க் கூந்தலாக அணிய வேண்டிய நிலைமை வந்தது. கண்ணாடியின் முன்னால் அவள் அழுகிறாள். முதலில் "நான் சொன்னேனே!" என்று இடித்துக் காட்டிய கவிஞன் (ஆண்பிள்ளைகள் எந்தத் தேசத்திலும் ஒன்றுதான்), கடைசியில் மனம் இரங்கி, இது ஈடுசெய்யக் கூடிய நஷ்டம்தான், உன் சொந்த முடி மறுபடி வளரும் என்று தேற்றுகிறான். இந்தத் தேறுதலை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இது நமக்கு வேண்டியிருக்கும்.

ரோமாபுரி அழிந்தது, சூட்டுக்கோல் அழியவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிஸ் நகரத்து மார்செல் கிராதோ என்பவர் அதைக் கொண்டு அலை அலையாகக் கேசத்தை மடிக்கும் வித்தையால் பெரும் புகழ் பெற்றார். ஆனால் அந்த அலை தலையில் தண்ணீர் பட்டால் போய்விடும். போகாத சுருளைத் தேடிப் புறப்பட்டவர் கார்ல் நெஸ்லர். 1872-இல் ஜெர்மனியில் பிறந்தவர். செருப்புத் தைப்பவரின் மகன். இருபதாம் நூற்றாண்டு பிறந்த ஐந்தாறு ஆண்டுகளுக்குள் லண்டனில் தம் முறையைக் காட்டினார். கேசத்தைக் கார மருந்தில் நனைத்துப் பித்தளை உருளைகளில் சுற்றி நெருப்பாகக் காய்ச்சுவது அவர் முறை. ஒவ்வோர் உருளையும் ஏறக்குறைய இரண்டு பவுண்டு கனம். பன்னிரண்டு உருளைகளைத் தலை தாங்குமா? அதற்காக மேலே சரவிளக்குப் போன்ற ஒரு சட்டத்திலிருந்து எதிர் எடை கட்டித் தொங்க விட்டார். ஆறு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். எந்தக் கோயிலிலும் எந்தத் தெய்வத்துக்கும் நம் பெண்கள் இப்படி ஒரு விரதம் இருந்ததாகத் தெரியவில்லை!

முதல் சோதனைகளுக்குத் தலை கொடுத்தவள் காதரீனா லைபில். பிற்பாடு நெஸ்லரின் மனைவியானவள். முதல் இரண்டு முறையும் அவள் முடி கருகிப் போயிற்று. மண்டைத் தோலும் வெந்தது. ஆயினும் அவள் மறுபடி உட்கார்ந்தாள். நெஸ்லர் பிறகு அமெரிக்கா சென்று செல்வம் குவித்தார், கேசத்தின் கதையை ஒரு புத்தகமாகவே எழுதினார், 1951-இல் காலமானார். நிரந்தரச் சுருளைக் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயர் நிலைத்து விட்டது. வெந்த தலையோடு மறுபடியும் வந்து உட்கார்ந்தவளுக்கு அதில் பாதிப் பெயராவது கிடைத்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் அப்போது முடிக்குள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதைத் தேடியவர்கள் அழகு நிலையக்காரர்கள் அல்லர். கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து விஞ்ஞானிகள். ஆட்டு ரோமமும் மனித முடியும் கெரட்டின் என்ற ஒரே பொருளால் ஆனவை. 1931-இல் ஆஸ்ட்பரி என்பவர், ஈர முடியை இழுத்து எக்ஸ்-ரே படம் பிடித்தபோது அதன் உள் அமைப்பே மாறுவதையும், விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புவதையும் கண்டார். கெரட்டின் இழைகள் சுருண்டு கிடக்கும் வடிவத்தை 1951-இல் பாலிங் என்ற அமெரிக்கர் தெளிவாக்கினார். நேரான கூந்தல் என்று நாம் சொல்வதும் உள்ளே சுருள்தான்!

அந்தச் சுருள்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்புகள் இரண்டு விதம். ஒன்று தண்ணீர் பட்டால் நெகிழும், உலர்ந்தால் மறுபடி பிடித்துக் கொள்ளும். மற்றொன்று கந்தகப் பிணைப்பு. மருந்து போட்டால்தான் விடும். ஈரக் கேசத்தை உருளையில் சுற்றி உலர வைக்கும்போது முதல் வகை மட்டுமே இடம் மாறுகிறது. ஆகவேதான் அந்தச் சுருள் ஒரு தூறலுக்குத் தாங்குவதில்லை. ஆகவேதான் அதனால் பெரிய கேடும் இல்லை. இந்த மட்டில் பெண் சொல்வது சரி.

தாய் சொல்வதும் தவறில்லை. கப்பலூர் என்றவுடன் எல்லாருக்கும் நினைவு வருவது 1936-இல் தொடங்கிய தியாகராசர் மில். உருளையும் நீண்ட இழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பஞ்சாலைத் தொழிலாளிக்குப் பாலபாடம். பஞ்சு, ஜோடி ஜோடியான உருளைகளுக்கு நடுவே இழுபட்டு மெலிகிறது. ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் உள்ள தூரம் இழையின் நீளத்தை விடச் சற்று அதிகமாக இருக்க வேண்டும். குறைந்தால் நீண்ட இழையின் இரு முனைகளையும் இரண்டு ஜோடியும் ஒரே சமயத்தில் பற்றிக் கொள்ளும். இழை அறுந்து போகும். நீளமான இழை என்றால் உருளைகளைத் தள்ளி வைப்பார்கள். உருளை கூடாது என்று யாரும் சொல்வதில்லை.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக வளர்கிறது. எழுபத்தைந்து சென்டிமீட்டர் கூந்தலின் நுனிக்கு வயது ஐந்து இருக்கும். ஐந்து வருஷத்து வெயிலும் சீப்பும் சீயக்காயும் பட்டு அதன் மேல் செதில்கள் தேய்ந்திருக்கும். மெல்லிய முடியின் கதை வேறு. விட்டம் பாதியானால் பலம் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. போதாக்குறைக்கு ஈர முடி உலர்ந்த முடியை விட எளிதில் நீளும். சொட்டச் சொட்ட ஈரமான மெல்லிய கூந்தலைச் சின்னஞ்சிறு உருளையில் இழுத்துச் சுற்றினால் அறுபடாமல் என்ன செய்யும்? கொக்கிப் பற்கள் உள்ள வெல்க்ரோ உருளை நீண்ட கூந்தலில் சிக்கினால், எடுக்கும்போது கைப்பிடி முடியும் கூடவே வரும்.

ஆனால் அறுந்த முடி வளரும். ஓவிட் தன் காதலிக்குச் சொன்ன தேறுதல் அதற்குப் பொருந்தும். பொருந்தாத இடம் ஒன்று உண்டு. அது வேர். அந்த ரோமாபுரிக் கவிஞனுக்கும் தெரியாத, நம் தாய்மாரும் கவனிக்காத சங்கதி அதுதான். கூந்தலை உச்சியில் இறுக இழுத்துக் கட்டும் கிரீன்லாந்துப் பெண்களுக்கு நெற்றியோரம் வழுக்கை விழுவதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு வைத்தியர் எழுதி வைத்தார். 1961-இல் அமெரிக்கத் தோல் வைத்திய ஏடு ஒன்றில், பிரஷ் ரோலர்களை இறுக்கிச் சுற்றியதால் முடி கொட்டிய பெண்களைப் பற்றிய கட்டுரை வந்தது. தேனடை போல் தலையை உயர்த்திக் காட்டும் அலங்காரம் சிகாகோவில் பிறந்ததற்கு அடுத்த ஆண்டு அது. ஆரம்பத்தில் இழுப்பை நிறுத்தினால் முடி திரும்பி வரும். வருஷக் கணக்கில் இழுபட்டால் வேர் தழும்பேறி மூடிக் கொள்ளும். பிறகு எந்தத் தைலமும் பலிக்காது, பாட்டியின் விளக்கெண்ணெய் உட்பட.

இழுப்பு என்று வந்து விட்டால் உருளைக்கும் சடைக்கும் வித்தியாசம் இல்லை. ரோலரைக் கண்டு முகம் சுளிக்கிற அதே தாய்தான், பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்குக் கண் மேலே இழுத்துக் கொள்ளும்படி இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி, "கலையாமல் இருக்கட்டும்" என்று இன்னும் ஒரு முறுக்கு முறுக்கி அனுப்புகிறவள். தலைப்பாகைக்குள் கூந்தலை இறுக்கி முடியும் சீக்கிய ஆண்களிடமும் இதே வழுக்கையை வைத்தியர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே உருளை வேண்டும் என்கிறவள், பெரியதாக, வழவழப்பானதாக அல்லது பஞ்சு போல் மெத்தென்று இருப்பதாகப் பார்த்து எடுக்கட்டும். முடி முக்கால்வாசி உலர்ந்த பிறகு சுற்றட்டும். மின்சாரத்தில் காயும் வகையைத் தினந்தோறும் தொட வேண்டாம். கடினமான உருளைகளோடு படுத்துத் தூங்கவும் வேண்டாம். காதோரமும் நெற்றியோரமும் தளர்ச்சியாகவே இருக்கட்டும். பிரித்த பிறகும் தலை விண்விண்ணென்று தெறித்தால், அன்றைக்குச் சுற்றியது இறுக்கம்.