பெயர் மாறி வாழ்ந்த திராட்சை

சிலி நாட்டிலிருந்து முன்பு ஏற்றுமதியான மலிவு விலைச் சிவப்பு ஒயின்களில் ஒரு விந்தை இருந்தது. புட்டியின் மேல் 'மெர்லோ' என்ற திராட்சை வகையின் பெயர் காணப்படும். சுவைத்தால் பச்சைக் குடமிளகாயின் மணம் தூக்கலாக இருக்கும்! இம்மணம் எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை காண நாம் 19ஆம் நூற்றாண்டுக்குச் செல்ல வேண்டும். அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிலி நாட்டு நிலக்கிழார்கள் பிரான்சின் போர்தோ வட்டாரத்திலிருந்து திராட்சைப் பதியன்களைத் தருவித்து நட்டனர். மெர்லோவும் 'கார்மெனேர்' என்ற மற்றொரு வகையும் அவற்றுள் இருந்தன.

1860களில் பிரான்சுக்குப் பேரிடர் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பைலாக்சீரா என்னும் நுண்ணிய பூச்சி திராட்சையின் வேர்களைத் தாக்கித் தோட்டங்களை அழித்தது. அப்பூச்சியைத் தாங்கும் அமெரிக்கத் திராட்சை வேரின் மேல் ஒட்டுக் கட்டித்தான் பிரெஞ்சு உழவர்கள் மீண்டனர். ஆனால் கார்மெனேரை அவர்கள் பெரும்பாலும் திரும்ப நடவில்லை. குளிரிலும் மழையிலும் அதன் பூக்கள் சரியாகக் காய் பிடிப்பதில்லை என்பதே காரணம். அவ்வகை ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

சிலிக்கு அப்பூச்சி வரவில்லை. கிழக்கே ஆண்டிஸ் மலை, மேற்கே பசிபிக் கடல், வடக்கே அட்டகாமா பாலைவனம் ஆகியவை அரணாயின. அங்கே கார்மெனேர் பிழைத்தது, பெயரைத்தான் இழந்தது. மெர்லோவை ஒத்த தோற்றமுடையதால் இரண்டும் ஒரே தோட்டத்தில் கலந்து வளர்ந்தன. ஒன்றாகப் பறிக்கப்பட்டு, ஒன்றாகப் பிழியப்பட்டன. ஆக, மெர்லோ என்று விற்கப்பட்டது பல வேளைகளில் யாரும் அறியாத ஒரு கலவையே!

மெர்லோவைவிடக் கார்மெனேர் சில வாரங்கள் பிந்திப் பழுக்கும். மெர்லோவின் பருவத்தில் பறித்தால் அது அரைப்பழமாகவே இருக்கும். குடமிளகாய்க்கு மணம் தரும் மெத்தாக்சிபைரசின் என்ற வேதிப்பொருள் அப்போது அதில் மிகுதி. பழுக்கப் பழுக்க அது குறைந்துவிடும்.

1994 நவம்பரில் பிரெஞ்சுத் தாவர அறிஞர் ழான் மிஷேல் பூர்சிகோ, சாந்தியாகோ நகருக்கு அருகிலுள்ள மைப்போ பள்ளத்தாக்கில் ஒரு தோட்டத்தைப் பார்வையிட்டார். அங்கிருந்த பூக்களின் மகரந்தத் தாள்கள் முறுக்கிக்கொண்டிருந்தன. "இது மெர்லோ அன்று, கார்மெனேர்" என்று அவர் கண்டுகொண்டார். பின்னர் மரபணு ஆய்வும் அதை உறுதி செய்தது. 1998இல் சிலி அரசு அவ்வகையை முறையாக ஏற்றது.

வாசகர்களே, இந்தச் செடியில் குறையேதும் இல்லை. அதன் பெயர் தெரியாததால் பறிக்கும் பருவமும் தெரியாமற்போயிற்று, அவ்வளவே. இன்று கார்மெனேரைத் தனியே பிரித்து, நன்கு கனிந்த பின் பறிக்கிறார்கள்.